கொசுறு இழுப்பு

சாலை முடிந்த இடத்தில் லாரி நின்றது. அதற்கு மேல் தார் இல்லை, மண் இல்லை, பாலமும் இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் மட்டும் கிடந்தது. அதன் நடுவே குளத்துக் கரை நீளமாக மேலெழுந்து, கொஞ்ச தூரம் போய், அறுந்திருந்தது.

மெல்வின் இறங்கியதும் மூக்கைப் பொத்தினான். அழுகிய வாழை, செத்த கோழி, டீசல். மழை விட்டும் வானம் வெளுக்கவில்லை. மதியமா சாயங்காலமா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். தெரேஸ்புரத்துக் கடல்காரனுக்குத் தண்ணீரைக் கண்டு பயம் கிடையாது. ஆனால் இந்தத் தண்ணீரில் அலை இல்லை, ஏற்றவற்றம் இல்லை. செத்த மாதிரி கிடந்தது. கரை உடைந்த இடத்தில் மட்டும் உறுமிக்கொண்டு ஓடியது.

"அங்கன தெரியுதுல்லா, அதான் எங்க ஊரு," என்றார் பேச்சிமுத்து.

அவர் கைகாட்டிய திசையில் ஒன்றும் தெரியவில்லை.

பேச்சிமுத்து நடுவக்குடியில் வாழை போட்டிருப்பவர். மழை பிடித்த அன்று சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப் போனவர் திரும்ப முடியவில்லை. ஊருக்குள் அவர் மனைவி இசக்கித்தாயும், இன்னும் பேர்கூட வைக்காத ஆண் குழந்தையும் இருந்தார்கள். போன் போகவில்லை. ஹெலிகாப்டர் ஒருமுறை வந்து போட்ட மூட்டைகள் தண்ணீரில் விழுந்து மிதந்து போனதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். ஒவ்வொரு முகாமாகப் போய்க் கெஞ்சி, கடைசியில் இந்த லாரியைப் பிடித்திருந்தார்.

லாரியில் இருந்த சோறு அனஸ் கொண்டுவந்தது. காயல்பட்டினத்தில் அவன் வீட்டுக்குள்ளேயே முழங்கால் தண்ணீர். அப்படியும் அவனும் கூட்டாளிகளும் ஒரு கல்யாண மண்டபத்தில் அடுப்பு மூட்டி, தக்காளிச் சோற்றைப் பொட்டலம் கட்டி, பால் பவுடர், ரொட்டி, காய்ச்சல் மாத்திரை எல்லாம் சேர்த்திருந்தார்கள். இருந்தது இந்த ஒரு லோடுதான். அடுத்தது எப்போது வரும், எந்தப் பாதையில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

லாரியின் மேல் பழைய டயர்களுக்கு நடுவே மெல்வினின் ஃபைபர் வள்ளம் இருந்தது. வள்ளத்துக்குள் மல்லாந்து படுத்திருந்த ஜீவமணி எழுந்து சோம்பல் முறித்தான். சங்கு குளிக்கிறவன். மெல்வினின் தங்கை ஜெனிட்டாவைக் கட்டியவன்.

"ஏலே அனஸு, உங்க ஊருச் சோத்த மணக்க மணக்க தலைமாட்டுல வச்சிட்டு ஒருத்தன் எப்படிலே தூங்குவான்? இது பாவம் இல்லையா?"

"திரும்பி வாங்க, உங்களுக்குத் தனியா ஒரு சஹன் வைக்கேன்," என்றான் அனஸ். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டு அது.

"தனியா சாப்பிட்டுப் பழக்கமில்ல. மச்சானும் வருவாரு. அவருக்கு ரெண்டு சஹன் வேணும்."

மெல்வின் சிரிக்கவில்லை. அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவக்குடியில் ஜனம் ஒதுங்க இரண்டே இடம் என்று பேச்சிமுத்து சொல்லியிருந்தார். கரை உடைப்புக்கு நேர் எதிரே கீழத்தெருவில் ஒரு மச்சு வீடு. மழைக்காலத்தில் தெரு முழுக்க அங்கேதான் ஏறும். மேற்கே, வயல்களைத் தாண்டி, மேட்டில் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்குத் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் வள்ளத்தை ஓட்டிப் போய்விடலாம். மச்சு வீட்டுக்கு வள்ளம் போகாது. உடைப்பில் ஓடும் தண்ணீர் வாழை மரங்களையும் தென்னை மட்டைகளையும் சுருட்டிக்கொண்டு போயிற்று. எதிர்க்கரையில் மூடுபனி மாதிரி சாரல் தொங்கியதால் வீடும் தெரியவில்லை.

இருக்கிற சோற்றை எந்தப் பக்கம் கொண்டு போவது என்பதுதான் கேள்வி.

"நான் நீஞ்சிப் போய்ப் பாத்துட்டு வாரேன்," என்றான் ஜீவமணி. "ஆளு இருந்தா கயித்துல சொல்லுதேன். இல்லன்னா பள்ளிக்கூடம்."

அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. சங்கு குளிக்கிறவனுக்குக் கண்ணும் காதும் வாயும் கயிறுதான். கீழே போனவன் ஒருமுறை இழுத்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு முறை இழுத்தால் கயிறு விடு. மூன்று முறை இழுத்தால் என்னைத் தூக்கு. மேலே கயிறு பிடிக்க மனைவியின் அண்ணன் தம்பியைத்தான் வைப்பார்கள். சொந்தத் தங்கையின் தாலி கையில் இருக்கிறவன் கயிற்றை விடமாட்டான். பிடித்தவன் யாரோடும் பேசக் கூடாது, வேறு சத்தத்துக்குக் காது கொடுக்கக் கூடாது, கயிற்றை அடுத்தவன் கையில் மாற்றக் கூடாது. கயிறு கையில் இருக்கும்போது வள்ளம் நகரக் கூடாது. மெல்வின் பதினாறு வயதில் கற்ற முதல் பாடம் அது. அவன் ஒரு நாளும் மீறியதில்லை.

ஜீவமணிக்கு மட்டும் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. இழுப்பு முடிந்து ஒரு மூச்சு விட்டு, விரலால் கிள்ளுவது போல் இன்னொரு சின்ன இழுப்பு இழுப்பான். மளிகைக் கடையில் பொட்டலத்தின் மேல் போடும் கொசுறு மாதிரி. அதனால் அதற்குக் கொசுறு இழுப்பு என்றே பேர். மச்சானைச் சீண்டத்தான் அது. வீட்டுக்கு வந்து ஜெனிட்டாவிடமும் சொல்லிச் சிரிப்பான்.

கரை மண் இளகிக் கிடந்ததால் வள்ளத்தை இறக்கி, என்ஜினைக் கிளப்பி ஓட்டிப் போய், உடைப்பின் ஓரத்தில் இரண்டு நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். ஜீவமணி கயிற்றை இடுப்பில் கட்டினான். முடிச்சை மெல்வின் ஒருமுறை சரிபார்த்தான். பிறகு இன்னொரு முறை பார்த்தான்.

"மச்சான், முடிச்ச நம்பு, இல்ல என்ன நம்பு. ரெண்டுல ஒண்ண நம்பு," என்றான் ஜீவமணி. சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான்.

சாரலுக்குள் அவன் தலை கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் கை தெரிந்தது.

பிறகு கயிறு மட்டும்.

கயிறு கரகரவென்று ஓடியது. மெல்வின் விட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் ஒரு இடத்தில் அது வெட்டி இழுத்து, தொய்ந்து, மறுபடி ஓடியது. மரம் ஏதாவது இடித்திருக்கும் என்று நினைத்தான். பிறகு நின்றது.

மூன்று பேரும் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கயிறு ஒருமுறை இழுபட்டது.

"நல்லா இருக்கான்," என்றான் மெல்வின். பேச்சிமுத்து அப்படியே குந்தி உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

மெல்வின் கொசுறுக்குக் காத்திருந்தான். வரவில்லை. கை விறைத்திருக்கும். தண்ணீர் இழுப்பில் சின்ன இழுப்பு தெரியாமல் போயிருக்கும். கயிறு எதிர்க்கரைக்கு நேராகப் போகாமல் தண்ணீருக்குள் சரிந்து கீழ்நோக்கிப் போவதையும் அவன் பார்த்தான். ஓட்டம் கயிற்றை அமுக்கும், அது இயற்கைதான். தான் எப்போதும் இப்படித்தான், எதற்கெடுத்தாலும் சந்தேகம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

இரண்டு முறை இழுபட்டது. கயிறு விடு.

ஆள் இருக்கிறார்கள், சோறு கேட்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். நீல பிளாஸ்டிக் டிரம்மில் பொட்டலங்களை அடைத்து, மூடியை இறுக்கி, கயிற்றின் நடுவில் கட்டி விட்டார்கள். அந்தப் பக்கம் இழுத்தது. டிரம் ஆடி ஆடிப் போய்ச் சாரலுக்குள் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு இழுப்பு. மெல்வின் திருப்பி இழுத்தான். டிரம் காலியாக வந்தது. உள்ளே ஒரு பருக்கை இல்லை. அடியில் கொஞ்சம் சேறு.

மறுபடி இரண்டு இழுப்பு.

இரண்டாவது டிரம்மில் பேச்சிமுத்துவே பால் பவுடரை வைத்தார். சட்டைப் பைக்குள் பொத்தி வைத்திருந்த ஒரு பால் பாட்டிலையும் அதன் மேல் வைத்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். டிரம் போயிற்று. காலியாக வந்தது.

மறுபடி.

மறுபடி.

இழுப்புகள் ஒரே அளவாக வந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளிகூட மாறவில்லை. பசித்தவர்கள் இழுப்பது போல அவசரம் அதில் இல்லை.

அனஸ் மெல்வினின் பக்கத்தில் வந்து குனிந்தான். "அண்ணே, இவ்வளவு சோறு போயிருக்கு. ஒரு பிள்ளை அழுவுற சத்தம்கூட வரலியே."

"தண்ணி இரையுதுல்லா."

"அந்தச் சத்தம் கேக்குது பாருங்க."

மேற்கிலிருந்து வந்தது அது. ணங்... ணங்... ணங்... இரும்பில் இரும்பை அடிக்கும் சத்தம்.

பேச்சிமுத்து எழுந்துவிட்டார். "பள்ளிக்கூடத்து மணி. தண்டவாளத் துண்டக் கட்டித் தொங்க விட்டிருப்பாவ. அங்கன ஆளு இருக்கு. வள்ளத்த எடுங்க."

"கயிறு கையில இருக்கு, அண்ணாச்சி."

"கயித்த இந்தத் தம்பிட்ட குடுங்க."

"குடுக்க முடியாது. வள்ளத்த எடுத்தா கயிறு போவும். கயிறு போனா எங்க மாப்ள போவான்."

"நான் ஒத்தையில போறேன். வள்ளத்த மட்டும் தாங்க."

மெல்வின் தலையைத் திருப்பவில்லை. கயிறு பிடித்தவன் திருப்பக் கூடாது. "யாரோ விளையாட்டுக்கு அடிக்கானுவ. இங்கன பாத்தியளா, ஆளு இருக்குன்னு கயிறு சொல்லுது. உங்க வீட்டுக்காரி இங்கனதான் இருப்பா. டிரம்மு காலியா வருதுல்லா, அவ தின்ன சோறுதான அது?"

அதைச் சொன்னபோது கயிறு அவன் கைக்குள் இரண்டு முறை இழுபட்டது, ஆமாம் என்பது போல.

பேச்சிமுத்து கரையிலேயே நின்றார். மேற்கே பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். மணி விட்டு விட்டு ஒலித்தது. ஒருமுறை வேகமாக அடித்தது, வள்ளம் வந்த என்ஜின் சத்தத்தைக் கேட்டிருந்தவர்கள் அடிப்பது போல. கடைசி டிரம் போனபோது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வெகுநேரம் ஆயிற்று. லாரி காலியானபோது வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது.

மணி நின்றுவிட்டது.

தண்ணீரின் உறுமலும் கொஞ்சம் அடங்கியது போல இருந்தது. சேற்று வாடையோடு வேறொரு வாடை வந்தது. தக்காளிச் சோற்றின் வாடை. புளித்த வாடை.

கயிறு இழுபட்டது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

"தூக்கச் சொல்லுதான்," என்றான் மெல்வின். "வாரான். மாப்ள வாரான்."

அவன் இழுத்தான். கனத்தது. அனஸும் பின்னால் வந்து பிடித்தான். கயிறு வள்ளத்துக்குள் வளையம் வளையமாக விழுந்தது. பிறகு கயிறு தீர்ந்தது.

ஆனால் இழுப்பது தீரவில்லை.

கயிற்றின் நுனியில் ஒரு சேலை முடியப்பட்டிருந்தது. அதன் நுனியில் ஒரு வேட்டி. அதன் நுனியில் ஒரு பள்ளிக்கூட பெல்ட். அதற்கு அடுத்து இன்னொரு சேலை. எல்லாம் ஈரத்தில் இறுகிய முடிச்சுகள், ஒவ்வொன்றும் வேறு வேறு கை போட்ட முடிச்சு. எல்லோரையும் தூக்கு என்று ஒரு தெருவே வரிசையில் நின்று கட்டியது போல வந்துகொண்டே இருந்தது.

"விடுங்க அண்ணே," என்று அனஸ் முணுமுணுத்தான். "அல்லாவுக்காக விட்டுருங்க."

மெல்வின் விடவில்லை.

கடைசி முடிச்சில் ஜீவமணி வந்தான்.

அவன் இடுப்பில் மெல்வின் சரிபார்த்த முடிச்சு, அறுந்த கயிற்றுத் துண்டோடு, அப்படியே இருந்தது. துணிகள் அவன் கைகளிலும் கழுத்திலும் கட்டப்பட்டிருந்தன. நெற்றியில் மரம் இடித்த பிளவு வெளுத்துக் கிடந்தது. அதில் ரத்தம் இல்லை. உடம்பு கட்டையாக விறைத்திருந்தது. கடலில் எத்தனையோ உடம்பைத் தூக்கியவன் மெல்வின். இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே போன உடம்பு இது என்று அவனுக்குத் தெரிந்தது. நடுவில் கயிறு வெட்டி இழுத்துத் தொய்ந்ததே, அப்போது.

ஜீவமணியின் கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. அனஸ் தாடையைத் தொட்டான். வாய் திறந்துகொண்டது.

உள்ளே நிறையத் தக்காளிச் சோறு. விரலால் அழுத்தி அழுத்தி அடைத்த சோறு.

அன்று இருட்டிய பிறகு யாரும் வள்ளத்தை எடுக்கவில்லை. மணி நின்றுவிட்டதால் பேச்சிமுத்துவும் கேட்கவில்லை. விடிந்ததும் சாரல் விலகியது. எதிர்க்கரையில் மச்சு வீடு இல்லை. கைப்பிடிச் சுவரின் மூலை ஒன்று தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. மழை பிடித்த முதல் ராத்திரியே வீடு ஆளோடு உட்கார்ந்துவிட்டது என்று பின்னால் தெரிந்தது. அதிலிருந்து ஒருத்தரும் தப்பவில்லை.

பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் முக்கால்வாசி ஊர் இருந்தது. பாதிப் பேருக்கு எழுந்து நிற்க முடியவில்லை. தண்டவாளத் துண்டுக்குக் கீழே இசக்கித்தாய் உட்கார்ந்திருந்தாள். கையில் இரும்புக் கம்பி. மடியில் மஞ்சள் தொட்டில் துணியில் சுற்றிய குழந்தை. துணி முகம் வரைக்கும் மூடியிருந்தது. நேற்று சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்தது, பால்தான் இல்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. மெல்வினைப் பார்த்தாள். வள்ளம் அவனுடையது என்று தெரிந்திருக்கும்.

"என்ஜின் சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு," என்றாள். "மணி உங்களுக்குக் கேக்கலியா?"

மெல்வின் அவள் மடியில் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்தான்.

"கேக்கல," என்றான்.

பேச்சிமுத்து அவனைப் பார்த்தார். குழந்தையை அந்தத் துணியோடேயே மேட்டில் புதைத்தார்கள். குழி வெட்ட மெல்வின் மண்வெட்டியை எடுத்தபோது, பேச்சிமுத்து மெதுவாக அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

தெரேஸ்புரத்தில் ஜீவமணிக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கயிறு திரும்பி வந்தது. எரித்துவிடலாம் என்றான் மெல்வின். ஜெனிட்டா விடவில்லை. அவளே சுருட்டி, பின்கட்டில் கடல் பக்கத்துச் சுவரில் ஆணியில் மாட்டினாள். அன்றுதான் அவள் அதைக் கேட்டாள்.

"அண்ணே, கடைசியா அவரு கொசுறு இழுத்தாரா?"

வராத கொசுறை அவனால் சொல்ல முடியவில்லை. வராதது தெரிந்தும் ஒரு லாரிச் சோற்றை இறக்கியவன் அவன்.

"இழுத்தான்," என்றான்.

அவள் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு வாய் கஞ்சி குடித்தாள்.

அன்று மாதா கோயில் சாயங்கால மணி அடித்து ஓய்ந்த நேரம். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜெனிட்டா பின்கட்டில் துணி எடுக்கப் போனாள். வெகுநேரம் வரவில்லை. மெல்வின் எட்டிப் பார்த்தான்.

ஆணியில் கயிற்றுச் சுருள் பாதிதான் இருந்தது. மீதி சுவருக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் போயிருந்தது. ஜெனிட்டா அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கயிறு இழுபட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஒரு மூச்சு விட்டு, விரலால் கிள்ளுவது போல, சின்னதாக இன்னொன்று.

ஜெனிட்டா சிரித்தாள். புருஷன் செத்த நாளிலிருந்து அவள் சிரித்து மெல்வின் பார்த்ததில்லை.

"அவருதான். தூக்கச் சொல்லுதாரு. வாண்ணே, வந்து பிடி. நீதான பிடிக்கணும்."

அவன் போனான். கயிறு அவன் கைக்கு வந்தது. சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் காய்ந்த மணல். கயிறு மணலுக்குள் சரிந்து கீழ்நோக்கிப் போயிருந்தது.

அப்போது மேற்கிலிருந்து கேட்டது. ணங்... ணங்... ணங்... அவசரமில்லாமல், இரும்பில் இரும்பை அடிக்கும் சத்தம். தெருவில் பந்து விளையாடிய பிள்ளைகள் நிமிரவில்லை.

ஜெனிட்டா அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னண்ணே? உனக்கு ஏதும் கேக்குதா?"

"கேக்கல," என்றான் மெல்வின்.

கயிறு பிடித்தவன் தலையைத் திருப்பக் கூடாது. அவன் காலை ஊன்றி இழுத்தான். கனமில்லாமல் வந்தது. மணலைப் பிளந்துகொண்டு கயிற்றின் நுனி மேலே ஏறியது.

முதல் முடிச்சில் மஞ்சள் தொட்டில் துணி.